செத்தவள் கப்பல் ஏறிய பக்கம்

2005ஆம் ஆண்டு தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில்தான் வசந்தமலருக்கு அந்தக் கடிதம் வந்தது. கல்லூரியின் முத்திரை போட்ட வெள்ளை உறை. சோதனை மறுமொழி, பாஸோ பெயிலோ தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று கிழித்தாள். மறுமொழி இல்லை. அவள் பார்த்தெழுதியதாகச் சந்தேகம் இருக்கிறது, பெப்ரவரி எட்டாம் திகதி காலை பத்து மணிக்கு விசாரணைக் குழுவின் முன் வந்து விளக்கம் தரலாம், விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்து தருவோம், அன்புடன், என்று முடிந்திருந்தது. நோர்வேக்காரர் ஒரு ஆளைத் தூக்கில் போடுவதென்றாலும் இப்படித்தான் மரியாதையாக எழுதுவார்கள்.

அந்தக் கடிதத்தால் அவளுக்கு என்ன போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருடமாக அவள் உதவியாளர். வருடா வருடம் ஜூனோடு வேலை முடியும். ஓகஸ்டில் மறுபடியும் போய் நிற்கவேண்டும். பள்ளி அதிபர் நல்ல மனுசி. வரலாற்றுப் பாடத்தை முடித்துக்கொண்டு வா, உன்னை ஆசிரியையாக நிரந்தரமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் ஒரு சோதனையை மூன்று தடவைதான் எழுதலாம் என்பது கல்லூரியின் சட்டம். இரண்டு தடவை தவறிவிட்டாள். டிசம்பரில் எழுதியது மூன்றாவது. பார்த்தெழுதினாள் என்று முடிவானால் அந்தத் தாள் செல்லாது. நாலாவது தடவை என்று ஒன்று கிடையாது.

அவள் புருஷன் சண்முகலிங்கம் பேருந்து ஓட்டுபவர். பின்னேரம் வேலை முடிந்து வந்து கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"இஞ்சேரும், கோவிக்காதையும். உண்மையாப் பாத்தெழுதேல்லைத்தானே?"

"பதினேழு வருசமா என்னோடை இருக்கிறியள். இதைக் கேக்க உங்களுக்கு வாய் வந்ததோ?"

"இல்லையப்பா, அவங்கள் கேப்பாங்கள் எல்லே. அதுதான்..."

"அவங்கள் கேக்கட்டும். நீங்கள் ஏன் கேட்டனீங்கள்?"

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். நல்ல மனுஷன்தான், நாக்குத்தான் சில நேரம் பிரேக் பிடிக்காது. அன்றைக்கு வீட்டில் புட்டு இல்லை, பாணும் சம்பலும். அந்த இரண்டு அறை வீட்டுக்குள் அடுத்த மூன்று கிழமையும் எல்லாரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

வசந்தமலர் கொடிகாமத்துக்காரி. நாற்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனவள். இரண்டாம் வருடத்தில் சண்டை வந்து வளாகத்தைப் பூட்டினார்கள், திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். அதற்குள் கலியாணம் பேசி முடித்து, சண்முகலிங்கத்தின் பின்னால் நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டாள். எட்டு வருடம் மீன் வெட்டினாள். வெள்ளைத் தொப்பியும் இறப்பர்ச் சப்பாத்துமாக நின்று, காதில் ஒலிநாடாக் கருவியை மாட்டிக்கொண்டு, நோர்வேஜிய மொழியைப் பாடம் பாடமாக வாயால் சொல்லிச் சொல்லிப் பிடித்தாள். ஒஸ்லோவுக்கு வந்தபோது வாசிப்பு நன்றாக வந்தது. பேசினாலும் எழுதினாலும் மட்டும் சொற்கள் இடம் மாறி நின்றன.

கேட்டதைப் பாடமாக்குவதில் அவளை வெல்ல ஆள் கிடையாது. உயர்தர வகுப்பில் பத்மநாதன் மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸ் முழுவதையும், அவர் இருமிய இடம் உட்பட, திருப்பிச் சொல்வாள் என்று வகுப்பில் பகிடி பண்ணுவார்கள். அந்த மாஸ்டரிடம்தான் அவள் ஒரு தரம் சூடு கண்டாள். நோட்ஸில் ஒரு வருடம் பிழையாக இருந்தது. அவள் நூலகத்தில் தேடிப் பார்த்து, தவணைச் சோதனையில் சரியான வருடத்தை எழுதினாள். மாஸ்டர் முழு விடையையும் குறுக்கே வெட்டிவிட்டு, "நான் தந்த நோட்ஸ் பிழையெண்டு சொல்ல நீ ஆர்?" என்று கேட்டு, பாடம் முடியும் மட்டும் அவள் இருந்த வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினார். படிப்பிக்கிறவர் பிழையாகச் சொன்னாலும், தாள் திருத்தப்போகிறவர் அவர்தான். அந்தப் பாடமும் அவளுக்கு மறக்கவில்லை.

கல்லூரியில் அவள் முதல் இரண்டு தடவையும் சொந்த வசனத்தில்தான் எழுதினாள். இரண்டு தடவையும் 'மொழி தெளிவில்லை' என்று திரும்பி வந்தது. விளங்கினதை எழுதினால் மொழி சரியில்லை என்கிறார்கள், சரியான மொழி புத்தகத்தில் இருக்கிறது, பிறகென்ன யோசனை? ஓகஸ்டில் தொடங்கி நவம்பருக்குள், விரிவுரையாளர் தொகுத்துப் படியெடுத்துக் கட்டிக் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கப் பாடத்தொகுப்பையும் வரிக்கு வரி பாடமாக்கினாள். நோர்மன் இனத்து அரசர்களைப் பற்றிய பாடம் அது. அதில் சிசிலியை ஆண்ட இரண்டாம் ரோஜருக்கு மட்டும் நாற்பது பக்கம்.

நிலக்கீழ் ரயிலில்தான் அவள் பாடமாக்கினாள். குரோருட்டில் ஏறும்போது ரோஜருக்கு ஐந்து வயது, தகப்பன் செத்துவிடுவார். இரண்டு நிலையம் கழிய, பட்டத்துக்கு வந்த தமையன் சிமோனும் செத்துப்போவான். ஒன்பது வயதில் ரோஜர் சிசிலியின் பிரபு. அவன் வளரும் மட்டும் தாய் அடலாசியா ஆட்சியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். தொயென் நிலையம் வரும்போது ரோஜர் இத்தாலியின் தெற்கை வளைத்துப் போட்டிருப்பான். குரொன்லாண்டில், 1130ஆம் ஆண்டு நத்தார் அன்று, கிறிஸ்து பிறந்த நாளில், பலேர்மோ நகரில் முடி சூடுவான். அந்த முடியை ஒரு பாப்பரசர் தந்தார், அவருக்குப் போட்டியான இன்னொரு பாப்பரசர் ஏற்க மாட்டேன் என்று படையோடு வந்தார், ரோஜரின் ஆள்கள் அவரையே பிடித்து உட்கார வைத்து, நீ அரசன்தான் என்று சொல்ல வைத்தார்கள். ஸ்டோர்டிங்கெட்டில் அவள் இறங்கும்போது, அவனுடைய அரண்மனையில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் அரபிலும் எழுத்தர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். சிங்கமும் ஒட்டகமும் தைத்த சிவப்புப் பட்டு அங்கியில் அரபு எழுத்து ஓடும். மூன்று மொழியில் உத்தரவு போட்ட அரசனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் வேலை செய்த பள்ளிக்கூடத்தில் முப்பது மொழிப் பிள்ளைகள். அறிவித்தல் மட்டும் ஒரு மொழியில்தான் வரும்.

பாடமாக்கும்போதே ஒரு பிழை கண்ணில் பட்டது. நாற்பத்தேழாம் பக்கத்தில், 1105இல் ரோஜரின் தாய் இறந்துவிட்டாள் என்று எழுதியிருந்தது. ஐம்பத்துமூன்றாம் பக்கத்தில் அதே தாய், எட்டு வருடம் கழித்து, எருசலேம் அரசனைக் கலியாணம் செய்யக் கப்பல் ஏறினாள். செத்தவள் எப்படிக் கப்பல் ஏறினாள்? வசந்தமலர் நகர நூலகத்துக்குப் போய் மூன்று தடித்த புத்தகங்களைப் புரட்டினாள். 1105இல் செத்தது தமையன் சிமோன். தொகுத்தவர் ஆளை மாற்றிப் போட்டுவிட்டார். அவள் பாடத்தொகுப்பின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறித்து வைத்தாள். சோதனையன்று ரோஜரைப் பற்றியே கேள்வி வந்தபோது, புத்தகத்தில் உள்ளபடியே எழுதினாள். ஒன்பது பக்கம். தாயை 1105இல் கொன்று, 1113இல் கப்பலில் ஏற்றினாள்.

அந்தச் செத்தவளால்தான் அகப்பட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று கல்லூரிக்கு எழுதிவிட்டாள். மகள் மயூராவுக்குக் கோபம். பதினாறு வயது, சட்டம் பேசுகிற வயது.

"அம்மா, tolk எடுக்கிறது உங்கடை rett, உரிமை. ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

"இஞ்சை தமிழுக்கு இருக்கிற மொழிபெயர்ப்பாளர் எத்தினை பேர் எண்டு உனக்குத் தெரியுமோ? மரியரஞ்சனி ஒண்டு. யோகராசா அண்ணை ஒண்டு. நாளைக்குக் கோயில்லை நான் எந்த முகத்தோடை நிக்கிறது?"

"அவை சொல்லேலாது அம்மா, taushetsplikt இருக்கு, ரகசியம் காக்கோணும்."

"வாயாலை சொல்லமாட்டினம். பார்வையாலை சொல்லுவினம்."

அந்த மூன்று கிழமையும் வசந்தமலர் ஒருவருடைய வீட்டுக்கும் போகவில்லை, தைப்பொங்கல் ஒன்றுகூடலுக்கும் காய்ச்சல் என்று சாட்டுச் சொன்னாள். இரவில் கண்ணை மூடினால் 'பார்த்தெழுதினவள்' என்ற சொல் வந்து நெஞ்சில் குந்திக்கொள்ளும். வேலை போவதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். இந்தப் பெயரோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் உதவியாளராகக்கூடக் கால் வைக்க முடியாது என்பதுதான் அவளை அரித்தது.

எட்டாம் திகதி பனி கொட்டியது. சண்முகலிங்கம் லீவு போட்டுக் கல்லூரி வாசல் மட்டும் கூட வந்தார். "நான் அண்டைக்குக் கேட்டது பிழை" என்றார், அவளைப் பார்க்காமல். "அதை இப்ப ஏன்?" என்றாள் அவள். ஆனால் உள்ளே போகும்போது காலில் கொஞ்சம் பலம் வந்திருந்தது.

மூன்றாம் மாடியில் நீட்டு மேசை. தண்ணீர்ச் சாடி, கடதாசிக் கோப்பைகள். நடுவில் குழுவின் தலைவி தூருன், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரு பக்கத்தில் ஒரு சட்டத்தரணி, பேனையைத் திருகியபடி. மறுபக்கத்தில் ஆர்ன்பின். அவர்தான் விரிவுரையாளர், பாடத்தொகுப்பைத் தொகுத்தவர், தாளைத் திருத்தியவர், புகார் கொடுத்தவர். இங்கே படிப்பிக்கிறவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இரண்டு வருடமாக வசந்தமலருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

இனி நடந்தது எல்லாம் நோர்வேஜிய மொழியில். அவளுடைய வசனங்கள் துண்டு துண்டாகத்தான் வந்தன. அதை அப்படியே தருகிறேன்.

"உங்கள் விடையின் ஒன்பது பக்கமும் பாடத்தொகுப்பில் உள்ளபடியே இருக்கிறது," என்றார் சட்டத்தரணி. "ஒரு சொல் மாறவில்லை. காற்புள்ளிகூட மாறவில்லை. தாள்களை எப்படி உள்ளே கொண்டுபோனீர்கள்?"

"கொண்டுபோகவில்லை."

"அப்படியானால்?"

"பாடமாக்கினேன்."

"ஒன்பது பக்கத்தையா?"

"இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை."

சட்டத்தரணி பேனையைத் திருகுவதை நிறுத்தினார். தூருன் ஆர்ன்பினைப் பார்த்தார். ஆர்ன்பின் யன்னலைப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. கள்ளச் சாமானோடு பிடிபட்டவன், வானத்திலிருந்து விழுந்தது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள்.

"பக்கம் சொல்லுங்கள்," என்றாள். "எந்தப் பக்கமும்."

தூருன் பாடத்தொகுப்பை எடுத்து, கண்ணை மூடாக்குறையாக ஒரு இடத்தில் விரித்தார். "நூற்று அறுபத்தெட்டு." அது சோதனையில் வராத பகுதி. முதல் நாலு சொல்லை வாசித்தார்.

வசந்தமலர் கண்களை மூடினாள். தொடங்கினாள். பேசும்போது தடுமாறுகிற அவளுடைய நோர்வேஜிய மொழி, பாடம் ஒப்புவிக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடியது. பந்தி முடிந்தது, அடுத்த பந்தி, அடிக்குறிப்பு, 'படம் பன்னிரண்டைப் பார்க்க', பக்கம் நூற்று அறுபத்தொன்பது. தூருனின் விரல் வரிக்கு வரி இறங்கிக்கொண்டே போனது. நடுவில் ஒரு இடத்தில் அவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. அறையில் சுவர்ச் சூடாக்கியின் சத்தம் மட்டும் கேட்டது. தொலைந்தேன் என்று நினைத்தாள். ரயிலில் அந்த இடம் எது என்று நினைத்துப் பார்த்தாள். தொயென், கதவு திறந்து ஒரு பிள்ளை வண்டி ஏறியது. சொல் வந்தது. தொடர்ந்தாள்.

"போதும்," என்றார் தூருன். குரல் மாறியிருந்தது. "போதும், நன்றி."

அதோடு முடிந்தது என்று அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சட்டத்தரணி விடவில்லை. "சரி, தாள் கொண்டுபோகவில்லை. ஆனால் விடை மாணவரின் சொந்த உழைப்பாக இருக்கவேண்டும் என்பது விதி. இங்கே பாருங்கள். இரண்டாம் பக்கத்தில் அரசனின் தாய் இறக்கிறாள். ஆறாம் பக்கத்தில் கப்பல் ஏறுகிறாள். விளங்கி எழுதியவர் இதைக் கவனிக்காமல் இருப்பாரா? ஒலிப்பதிவுக் கருவி செய்கிற வேலையைச் சொந்த உழைப்பு என்று நான் எப்படி ஏற்பது?"

ஆர்ன்பினின் முகம் சிவந்தது. பிழை அவருடையது. அவர் தண்ணீர்ச் சாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கவனித்தேன்," என்றாள் வசந்தமலர்.

"கவனித்துமா எழுதினீர்கள்?"

அவள் கைப்பையைத் திறந்து தன்னுடைய பாடத்தொகுப்பை எடுத்து மேசையில் வைத்தாள். மூலைகள் மடங்கி, கறிக்கறை பட்டு, தொய்ந்துபோன புத்தகம். நாற்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அது கோடும் சுழியும்தான்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

அவள் சொன்னாள். சட்டத்தரணி தலையை அசைத்தார். "மன்னிக்கவேண்டும். நீங்கள் சொல்வதை நீங்களே மொழிபெயர்க்க முடியாது."

வேண்டாம் என்று அவள் தடுத்து வைத்திருந்த இடத்துக்கே வந்து நின்றார்கள். ஒரு தமிழாள் வேண்டும். தூருன் தொலைபேசியை எடுத்தார். வசந்தமலர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரியரஞ்சனி வருவாளா, யோகராசா அண்ணை வருவாரா, இன்று பின்னேரமே குரோருட் முழுக்கத் தெரிந்துவிடுமா என்று மனம் ஓடியது. பத்து நிமிடம் அப்படியே போனது. கதவு திறந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரு இளைஞன் உள்ளே வந்தான். கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை. பெயர் ரகு. சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம்.

"வணக்கம் மேடம்," என்றான். "சும்மா படிச்சுக் காட்டச் சொன்னாங்க. உங்களுக்கு ஓகேவா?"

அந்தத் தமிழைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. இவனுக்குக் கோயிலும் தெரியாது, கொடிகாமமும் தெரியாது. "ஓம் தம்பி. உள்ளதை உள்ளபடி வாசியுங்கோ," என்றாள்.

ரகு புத்தகத்தைக் கையில் எடுத்து முதலில் தமிழில் வாசித்தான். "'பிழை. 1105இல் செத்தது தமையன் சிமோன். தாய் இல்லை.'" பிறகு அதை ஆங்கிலத்தில் சொன்னான். நோர்வேஜிய மொழி அவனுக்கு இன்னும் அவ்வளவு வராது. மற்ற மூவருக்கும் ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. வசந்தமலருக்குத்தான் அவன் சரியாகச் சொல்கிறானா என்று பிடிபடவில்லை. அவர்களுடைய முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவன் பக்கத்தைப் புரட்டினான். "'பதினொரு வருசம் ஆண்டவளுக்கு இரண்டு வரிதானோ?'" ஆங்கிலம். இன்னும் ஒரு பக்கம். "'கப்பல் கப்பலாக அவள் கொண்டுபோனதை எல்லாம் எருசலேம் அரசன் எடுத்துக்கொண்டு, நாலு வருசத்தில் திருப்பி அனுப்பிவிட்டான். பாவி.'" அந்தப் பாவியை எப்படி மொழிபெயர்ப்பதென்று ரகு கொஞ்சம் யோசித்தான். தூருனுக்கு உதட்டோரம் அசைந்தது.

சட்டத்தரணிக்கு அசையவில்லை. "பென்சிலால் எழுதியது. நேற்றுக்கூட எழுதியிருக்கலாம்."

தூருன் கைகளைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "வசந்தமலர், இந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள். நீங்களாக நினைத்தது. எவ்வளவு பிழையான நோர்வேஜிய மொழியிலும் சொல்லலாம்."

பாடமாக்கிய இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அந்தக் கணத்தில் அவளைக் கைவிட்டன. சொந்த வசனத்தால்தான் அவள் இரண்டு தடவை விழுந்தாள். இப்போது அதே சொந்த வசனத்தில் நின்று காட்டு என்கிறார்கள். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போது மேசையில் திறந்து கிடந்த நாற்பத்தேழாம் பக்கம் கண்ணில் பட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. யாரில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாஸ்டரில், ஆர்ன்பினில், எல்லாருக்கும் மேலாகத் தன்னில்.

"சிகுர்ட்," என்றாள். "உங்கள் அரசன் சிகுர்ட். எருசலேமுக்குப் போகிற வழியில் சிசிலிக்கு வந்தான். உங்கள் பழைய அரசர் கதை சொல்லுகிறது, ரோஜர் ஏழு நாள் விருந்து கொடுத்தான். தானே நின்று பரிமாறினான். ஏழாம் நாள் சிகுர்ட் ரோஜரின் கையைப் பிடித்து, உயர்ந்த ஆசனத்தில் இருத்தி, நீ அரசன் என்றான்."

"ஆம், அது எல்லாருக்கும் தெரிந்த கதை," என்றார் சட்டத்தரணி.

"பொறுங்கள். நான் முடிக்கவில்லை." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அப்போது ரோஜருக்கு வயது பதின்மூன்று. அல்லது பதினாலு. அவன் ஆளவில்லை. தாய் ஆண்டாள். அந்தக் காலத்தில் அவள் அனுப்பிய ஒரு கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. கடதாசியில். 1109. கிரேக்கத்தில், அரபில், இரண்டு மொழியில். நூலகத்துப் புத்தகத்தில் படம் பார்த்தேன். மகன் பிறகு மூன்று மொழியில் ஆண்டான் என்று எல்லாரும் புகழ்கிறீர்கள். அதை எங்கே கண்டான்? தாயின் மேசையில். சிகுர்ட் கப்பல் கப்பலாக ஆள்களோடு வந்தான். ஏழு நாள் யார் சாப்பாடு போட்டது? களஞ்சியத் திறப்புக்கொத்து யாரிடம்? பதின்மூன்று வயதுப் பிள்ளையிடமா? கதை சொன்னவர்கள் அந்த வீட்டில் தாயைக் காணவில்லை. நீங்களும் காணவில்லை. இந்தப் புத்தகம் அவளை நாலு வருடம் முந்தியே கொன்றுவிட்டது. பிழை என்று தெரிந்துகொண்டு, நானும் கொன்றேன். ஏனென்றால் புத்தகம் எழுதியவர்தான் தாள் திருத்துவார். எங்கள் ஊரில் அவருக்குப் பிழை என்று சொல்லக்கூடாது. நான் செய்த குற்றம் அது. பார்த்தெழுதவில்லை."

அவள் நிறுத்தினாள். வினைச்சொற்கள் பாதி இடம் மாறி நின்றன என்று அவளுக்கே தெரியும். ஒருவரும் திருத்தவில்லை. ஆர்ன்பின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளையும் ரகுவையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைக்கூடத்தில் இரண்டு கதிரை. இருபத்தைந்து நிமிடம். உள்ளே சட்டத்தரணியின் குரல் ஒரு தரம் உயர்ந்தது, பிறகு தணிந்தது. ரகு வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தான்.

"மேடம், கவலைப்படாதீங்க. நாங்களும் மனப்பாடம் பண்ணித்தான் பாஸ் பண்ணினோம். இன்ஜினியரிங்கையே மனப்பாடம் பண்ணினவன் நான்."

"தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"யார்கிட்ட சொல்ல? இந்த ஊர்ல எனக்குப் பேசவே ஆள் இல்ல மேடம்."

அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னாள். தன் தலைக்குமேல் கத்தி தொங்கும்போதும் விருந்துக்குக் கூப்பிடுகிற சாதி எங்கள் சாதி.

கதவு திறந்தது, உள்ளே கூப்பிட்டார்கள். தூருன் கடதாசியைப் பார்க்காமல் சொன்னார். பார்த்தெழுதியதற்கு ஆதாரம் இல்லை. தாள் செல்லும். புகாரைக் கொடுத்தவரே திருத்துவது முறையில்லை என்பதால் வெளியார் ஒருவர் புதிதாகத் திருத்துவார். இன்று சொன்னதை நாலு பக்கத்தில் எழுதி அதோடு சேர்த்துத் தரவேண்டும். வசந்தமலர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுதாள். அழக்கூடாது என்று மூன்று கிழமை கட்டி வைத்தது எல்லாம் வந்தது.

முடிவு என்ன வந்தது என்று கேட்பீர்கள். மூன்று கிழமை கழியக் கடிதம் வந்தது, C, பாஸ். ஓகஸ்டில் நிரந்தர வேலையும் வந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குச் சொல்லவேண்டியிருந்தது அதற்குப் பிறகு நடந்ததை அல்ல, அன்றைக்கு அந்த அறையில் நடந்ததைத்தான்.

தூருனும் சட்டத்தரணியும் எழுந்து போய்விட்டார்கள், ரகுவும் வேலைக்குத் திரும்பிவிட்டான். அவள் புத்தகத்தைப் பையில் வைக்கப் போனாள். ஆர்ன்பின் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை.

"இப்படி எத்தனை குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் காலை முழுவதற்கும் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"நாற்பத்தொன்று."

அவர் முகம் வெளிறியது. "நாற்பத்தொன்றும் பிழையா?"

"இல்லை. முப்பது கேள்வி." வாங்கின்மேல் நின்ற பதினெட்டு வயதுப் பெட்டைக்கு அந்த உயரத்தில் தலை சுற்றியது இன்னும் நினைவிருந்தது. "பதினொன்று பிழை, ஆர்ன்பின்."

பெயரைச் சொல்லிவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கூரை இடியவில்லை. ஆர்ன்பின் தன்னுடைய பாடத்தொகுப்பைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, மூடியைக் கழற்றினார். எதிரில் இருந்த கதிரையைக் கையால் காட்டினார்.

"முதலாவது எந்தப் பக்கம்?"

கீழே வாசலில், பனிக்குள், சண்முகலிங்கம் நின்றுகொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் நிற்கட்டும். வசந்தமலர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒன்பதாம் பக்கம்," என்றாள். "மூன்றாவது வரி."